என் குருதி, என் கணக்கு!

மருந்தீசுவரர் கோயில் கொண்ட ஊர் எங்கள் திருவான்மியூர். அகத்தியருக்கு மருந்துகளின் இயல்பை இறைவனே இங்கு வந்து எடுத்துரைத்தான் என்பது தலபுராணம். அப்பரும் சம்பந்தரும் பாடிய தலம் என்பது அன்பர்களின் பெருமிதம். மருந்தின் கடவுள் உள்ளே வீற்றிருக்கிறார். மாட வீதிகளிலே மருந்துக் கடைகள் வரிசையாக நிற்கின்றன. இரண்டுக்கும் இடையே, கோயில் வாயிலருகே, கூடையிலே மல்லிகையும் சாமந்தியும் நிரப்பி, முழம் போட்டு விற்று, நாளொன்றுக்கு முந்நூறோ நானூறோ பார்ப்பவர் என் அத்தை. அவருக்கு நீரிழிவு வந்து ஒன்பது ஆண்டுகள் ஆகின்றன.

சென்ற ஆண்டு ஒரு பிரதோஷ நாள். பூ விற்பனை மிகுந்த நாள். அத்தைக்கு நோன்பு நாளுங்கூட. மாலை வழிபாடு முடியும்வரை பச்சைத் தண்ணீர் மட்டுமே. ஆனால் காலையில் மாத்திரையை விழுங்கிவிட்டார். “மாத்திரையை ஒரு நாளும் நிறுத்தக் கூடாது” என்பது மருத்துவர் இட்ட கட்டளை. “உணவைத் தொடக் கூடாது” என்பது சாத்திரம் இட்ட கட்டளை. எதையும் மீறத் துணியாத ஏழைப் பெண், இரண்டு கட்டளைகளுக்கும் ஒருசேரத் தலைவணங்கினார். இரண்டுக்கும் நடுவே சிக்கி நசுங்கியது அவர் உடல்!

மாலை நான்கு மணிக்கு வீடு வந்தவருக்கு வியர்த்துக் கொட்டியது. கை நடுங்கியது. பேச்சுக் குழறியது. என்னைப் பார்த்து, “யாருடா நீ?” என்றார். பின்பு சினந்து கத்தினார். எதிர்வீட்டுப் பாட்டி ஓடி வந்து, “ஆத்தா வந்திருக்கா, விலகுங்கடா!” என்று திருநீற்றை நெற்றியிலே அப்பினார். பக்கத்து வீட்டு அம்மாளோ சற்று விவரம் அறிந்தவர். “சக்கரை ஏறிப்போச்சு, வாயிலே இனிப்பு கினிப்பு வைச்சுடாதீங்க. இன்னொரு மாத்திரை இருந்தா குடுங்க” என்றார். நான் பட்டம் பெற்றவன். பள்ளியிலே பாடம் சொல்பவன். எனினும் தோழர்களே, வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன்: எது உண்மை என்று எனக்கும் தெரியவில்லை. மாத்திரையைத் தேடிக் கையிலும் எடுத்துவிட்டேன்!

மாடி வீட்டில் குடியிருந்த பாலிடெக்னிக் மாணவன் ஒருவன், தன் தந்தைக்காக வாங்கி வைத்திருந்த குளுக்கோமீட்டரை எடுத்துக்கொண்டு ஓடி வந்தான். விரல் நுனியிலே ஒரு குத்து, ஒரு துளிக் குருதி, ஐந்து நொடி. கருவியிலே தோன்றிய எண் 44.

எழுபதுக்குக் கீழே போனாலே ஆபத்து. நாற்பத்து நான்கு என்றால், மூளைக்கு எரிபொருள் இல்லை என்று பொருள். ஆத்தாவும் வரவில்லை, சர்க்கரையும் ஏறவில்லை. சர்க்கரை அறவே தாழ்ந்து போயிருந்தது! விழுங்கும் நிலையில் இருந்தார், நல்லவேளை. மூன்று கரண்டிச் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துப் புகட்டினோம். பதினைந்து நிமிடம் கழித்து மீண்டும் அளந்தோம்: 81. “ஏண்டா எல்லாரும் சுத்தி நிக்கறீங்க?” என்று கேட்டார் அத்தை.

என் கையில் இருந்த அந்த மாத்திரையை இன்று நினைத்தாலும் உடல் நடுங்குகிறது. பாட்டியின் பக்தி அவரைக் காத்திராது. பக்கத்து வீட்டு அம்மாளின் பரிவோ அவரைக் கொன்றிருக்கும். என் படிப்பு அதற்குத் துணை நின்றிருக்கும். காத்தது ஓர் எண்.

இனிதான் கேள்வி பிறக்கிறது. அந்த எண்ணைக் காட்டும் கருவி என் அத்தையின் வீட்டில் ஏன் இல்லை?

அவர் கேட்காமல் இல்லை. தாம் வழக்கமாகப் போய்வரும் மருத்துவமனையிலே, “வீட்டிலேயே நான் பாத்துக்கலாமாங்க?” என்று ஒரு முறை கேட்டிருக்கிறார். “அதெல்லாம் உனக்குப் புரியாதும்மா. மாத்திரையைப் போடு, மாசம் ஒருதரம் வா” என்பது அங்குக் கிடைத்த விடை. உனக்குப் புரியாது! எத்தனை நூற்றாண்டுப் பழைமை வாய்ந்த சொல், இந்தச் சொல்! ஏட்டைத் தொடாதே, உனக்குப் புரியாது என்றார்கள். மந்திரத்தைக் கேளாதே, உனக்குத் தகாது என்றார்கள். இன்று, உன் விரலில் இருந்து வடியும் உன் குருதி என்ன சொல்கிறது என்று பாராதே, உனக்குப் புரியாது என்கிறார்கள். பூணூல் மார்பில் இருந்து சொன்னதை, வெள்ளை மேலங்கியும் சொல்லலாமோ?

இந்தக் கருவியின் கதையே இந்த மறுப்பிலேதான் தொடங்குகிறது என்றால் வியப்பாக இருக்கும்.

சிறுநீர் கழித்த இடத்தில் எறும்பு மொய்ப்பதைக் கண்டு நோயை அறிந்தனர் முன்னோர். பின்னர்ச் சிறுநீரைப் பெனடிக்ட் கரைசலோடு காய்ச்சி, நீலம் பச்சையாகிறதா, மஞ்சளாகிறதா, செங்கல் நிறமாகிறதா என்று பார்த்தனர். அதிலே குறை உண்டு. குருதியில் சர்க்கரை ஏறத்தாழ 180 மில்லிகிராமைக் கடந்த பிறகே அது சிறுநீரிலே கசியும். ஆகவே சிறுநீர் உரைப்பது சில மணி நேரத்துக்கு முந்திய செய்தி. சர்க்கரை தாழ்ந்திருந்தால் அது வாயே திறக்காது. என் அத்தை அன்று சிறுநீரைக் காய்ச்சியிருந்தால் நீலம் நீலமாகவே நின்றிருக்கும். நாங்களும் அறியாமலே நின்றிருப்போம்.

1960-களின் நடுவிலே, குருதித் துளியை இட்டால் நிறம் மாறும் சோதனைத் துண்டினை அமெரிக்காவின் ஏம்ஸ் நிறுவனம் விற்பனைக்குக் கொணர்ந்தது. ஏறத்தாழ 1970-இல், அந்த நிறத்தைப் படித்து எண்ணாகக் காட்டும் கருவியும் வந்தது. ஒரு கிலோவுக்கு மேற்பட்ட எடை. நூற்றுக்கணக்கான டாலர் விலை. அதை மருத்துவருக்கு மட்டுமே விற்பது என்று வைத்திருந்தார்கள். நோயாளிக்கு இல்லை!

ரிச்சர்டு பெர்ன்ஸ்டைன் என்னும் பொறியாளர், பன்னிரண்டு வயது முதல் நீரிழிவோடு போராடியவர், அந்தக் கருவியை விரும்பினார். மருத்துவர் அல்லர் என்பதால் அவருக்குக் கிடைக்கவில்லை. அவர் துணைவியார் மருத்துவர். அவர் பெயரிலே வரவழைத்தார். நாள்தோறும் பலமுறை தம் குருதியைத் தாமே அளந்தார். எந்த உணவு எவ்வளவு ஏற்றுகிறது, எவ்வளவு இன்சுலின் எவ்வளவு இறக்குகிறது என்று கணக்கு வைத்தார். கட்டுக்கு அடங்காத நோயைக் கட்டுக்குக் கொணர்ந்தார். கண்டதை எழுதி மருத்துவ ஏடுகளுக்கு அனுப்பினார், அவை ஏற்கவில்லை. மனிதர் சோர்ந்துவிடவில்லை. நாற்பத்தைந்தாம் வயதிலே மருத்துவக் கல்லூரியில் மாணவராகச் சேர்ந்து, மருத்துவராகி, பின்னர் அதையே உலகுக்கு உரைத்தார். 2025-இல் தமது தொண்ணூறாம் வயதிலே மறைந்தார். அவருக்கு இருந்தது நீரிழிவின் முதல் வகை; என் அத்தைக்கு இருப்பது இரண்டாம் வகை. நோயின் வகை வேறு. மறுக்கப்பட்ட உரிமை ஒன்றே.

இன்று அந்தத் தடை இல்லை. கருவி உள்ளங்கையில் அடங்குகிறது. அதற்குள் மந்திரமும் இல்லை, மாயமும் இல்லை. ஸ்டிரிப் என்று கடைக்காரர் கூறும் சோதனைத் துண்டின் நுனியிலே ஒரு நொதி தடவியிருக்கிறது. அது குருதியின் குளுக்கோசோடு வினைபுரிய, மிகச் சிறு மின்னோட்டம் பிறக்கிறது. குளுக்கோசு மிகுந்தால் மின்னோட்டம் மிகும், குறைந்தால் குறையும். அந்த மின்னோட்டத்தை எண்ணாக்கிக் காட்டுவதே கருவியின் வேலை. பத்தாம் வகுப்பு மாணவனுக்கு ஒரு பாடவேளையில் விளக்கி முடிக்கலாம், நான் விளக்கியிருக்கிறேன்.

பழைய தடை போயிற்று. புதிய தடை ஒன்று எழுந்திருக்கிறது. அதன் பெயர் விலை!

கருவியை மலிவாகத் தருகிறார்கள். சில வேளை இலவசமாகவே தருகிறார்கள். வள்ளன்மை என்று எண்ணிவிடாதீர்கள்! ஒரு நிறுவனத்தின் ஸ்டிரிப் மற்றொரு நிறுவனத்தின் கருவியில் பொருந்தாது. கருவியை வாங்கியவன் அந்த நிறுவனத்தின் ஸ்டிரிப்பைத்தான் வாங்கியாக வேண்டும். ஒன்றின் விலை ஏறத்தாழ 15 முதல் 25 ரூபாய். ஒருமுறை பயன்பட்டால் குப்பைக்கு. நாளைக்கு இருமுறை பார்ப்பதென்றால் திங்களுக்கு 900 முதல் 1,500 ரூபாய். முழம் போட்டு விற்பவரின் மூன்று நான்கு நாள் வருமானம், விரல் நுனியிலே போய்விடும்.

அதே திருவான்மியூரில், பழைய மகாபலிபுரம் சாலைப் பக்கம் சென்று பாருங்கள். கண்ணாடி மாளிகைகளில் பணிபுரிவோர் சிலர், மேற்கையிலே வட்டமாக ஒரு சிறு கருவியை ஒட்டிக்கொண்டு திரிவர். இரண்டு வாரம், இரவும் பகலும், ஊசி குத்தாமலே சர்க்கரையின் ஏற்றத்தையும் இறக்கத்தையும் கைப்பேசியில் காட்டும் கருவி அது. விலை சில ஆயிரம் ரூபாய். நோயே இல்லாதவரும் உடலழகுக்காக அதை அணிகின்றனர். அவர்களைப் பழிக்கவில்லை. ஆனால் நோயில்லாதவன் நிமிடந்தோறும் அறிகிறான். நோயுள்ளவள் திங்களுக்கு ஒருமுறை அறிகிறாள். அலை வீசும் குப்பத்துக்கும் அடுக்கு மாளிகைக்கும் இடையே ஒரு கல் தொலைவு. அறிவுக்கும் அறியாமைக்கும் இடையிலோ கடல்!

அரசு ஒன்றும் செய்யவில்லை என்று நான் கூறமாட்டேன். பொய் பேசி நியாயம் கேட்பது நமக்கு வழக்கமில்லை.

குளுக்கோமீட்டர் உள்ளிட்ட ஐந்து கருவிகளுக்கு, வணிகர் வைக்கும் இலாபத்துக்கு 70 விழுக்காடு என்று 2021 சூலையில் வரம்பு கட்டினார்கள். 2025 செப்டம்பர் 22 முதல், கருவிக்கும் ஸ்டிரிப்புக்கும் சரக்கு சேவை வரியை 12 விழுக்காட்டிலிருந்து 5 விழுக்காடாகக் குறைத்தார்கள். நன்று. ஆனால் 20 ரூபாய் 19 ஆனதால், வாங்க முடியாதவள் வாங்கிவிடுவாளோ?

தமிழ்நாடு அரசு இதனினும் பெரியதொரு செயல் செய்தது. 2021 ஆகஸ்டு 5-ஆம் நாள், கிருட்டினகிரி மாவட்டத்துச் சாமனப்பள்ளியில், ‘மக்களைத் தேடி மருத்துவம்’ தொடங்கப்பட்டது. நோயாளி மருத்துவமனையைத் தேடி அலைந்த நிலை மாறி, மருந்து நோயாளியைத் தேடி வரும் நிலை பிறந்தது. பெண் தன்னார்வலர்கள் வீட்டுப் படியேறி வந்து, குருதி அழுத்தம் பார்க்கிறார்கள், சர்க்கரை பார்க்கிறார்கள், மாத்திரை தருகிறார்கள். 2024-இல் ஐக்கிய நாடுகளின் பணிக்குழு ஒன்று அத்திட்டத்துக்கு விருது அளித்தது. பெருமைப்படத் தக்க செயல், பெருமைப்படுகிறோம்.

பெருமைப்படுவதோடு ஒரு கேள்வியும் கேட்கிறோம். தன்னார்வலர் வருகிறார், அளக்கிறார், எழுதிக்கொள்கிறார், கருவியைப் பையில் போட்டுக்கொண்டு அடுத்த வீட்டுக்குப் போகிறார். அந்த எண், அந்த வேளையின் எண். பொங்கல் உண்ட பிறகு என்ன? நள்ளிரவில் வியர்த்து எழுந்தபோது என்ன? நோன்பு நாளில் என்ன? மாத்திரை படியேறி வந்துவிட்டது. அளவுகோல் மட்டும் ஏன் படியோடு திரும்பிப் போகிறது?

மூன்று திங்களின் சராசரியைக் கூறும் சோதனையும் உண்டு, எச்.பி.ஏ.1.சி. என்பர். அது தேவையானதே. ஆனால் ஆசிரியன் என்ற முறையில் சராசரியின் சூது எனக்குத் தெரியும். வகுப்பின் சராசரி ஐம்பது என்று தலைமையாசிரியர் மகிழ்ந்துகொண்டிருப்பார். ஐந்து மதிப்பெண் வாங்கிய சிறுவன் கடைசி வரிசையிலே அழுதுகொண்டிருப்பான். முந்நூறும் நாற்பத்து நான்கும் சேர்ந்தால் சராசரி அழகாகத்தான் இருக்கும். அந்த நாற்பத்து நான்கில் உயிர் போகும்!

நிலைமை என்ன என்பதற்கு இரண்டு எண்கள் போதும். 2023-இல் வெளிவந்த ஆய்வின்படி இந்தியாவில் நீரிழிவு உடையோர் 10 கோடியே 10 இலட்சம். அந்த ஆய்வை நடத்தி முடித்தது வேறெந்த நகரமும் அன்று, நம் சென்னை. 1948-இலேயே ஸ்டான்லி மருத்துவமனையில் நீரிழிவுக்கெனத் தனிப் பிரிவு தொடங்கியவர் மருத்துவர் எம். விசுவநாதன், 1954-இல் இராயபுரத்தில் தனி மருத்துவமனையே கண்டவர். நீரிழிவு ஆராய்ச்சியிலே இந்தியாவுக்கு வழிகாட்டிய நகரம் இது. அப்படிப்பட்ட நகரத்தைத் தலைநகராகக் கொண்ட தமிழ்நாட்டில், 2020-இல் எடுக்கப்பட்ட கணக்கு கூறுவது யாது? நீரிழிவு உடையோருள் சர்க்கரை கட்டுக்குள் இருப்பவர் நூற்றுக்கு 11 பேர்கூட இல்லை. ஆராய்ச்சி கோபுரமாய் உயர்ந்தது. அதன் நிழல்கூடக் குடிசையில் விழவில்லை.

“இரண்டாம் வகை நீரிழிவுக்கு வீட்டுச் சோதனை பயனற்றது என்று மேலைநாட்டு ஆய்வுகளே கூறுகின்றனவே!” என்று மடக்குவோர் உண்டு. மறைக்க வேண்டியதில்லை, உண்டு. அமெரிக்காவின் வட கரோலினாவில், இன்சுலின் போடாத 450 நோயாளிகளை மூன்று பிரிவாக்கி ஓராண்டு பார்த்து, வீட்டில் அளந்தவருக்கும் அளக்காதவருக்கும் சராசரியில் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை என்று 2017-இல் அறிவித்தனர். பகுத்தறிவாளன் தனக்குப் பிடிக்காத சான்றைக் கண்டு கண்ணை மூடமாட்டான். ஆனால் அந்தச் சான்று எதைச் சொல்கிறது, எதைச் சொல்லவில்லை என்று பிரித்துப் பார்ப்பான்.

எண்ணைக் கையில் கொடுத்து, அதைக் கொண்டு என்ன செய்வது என்று கற்பிக்காவிட்டால் பயனில்லை என்பதே அது சொல்வது. உண்மைதான்! எழுத்தறியாதவன் கையில் ஏட்டைக் கொடுத்துவிட்டு, “ஏட்டினால் பயனில்லை” என்று தீர்ப்பளிக்கலாமோ? 2011-இல் வெளிவந்த மற்றோர் அமெரிக்க ஆய்விலே, நோயாளிக்கும் மருத்துவருக்கும் பயிற்சி தந்தனர். மூன்று திங்களுக்கு ஒருமுறை, தொடர்ந்து மூன்று நாள், நாளுக்கு ஏழு வேளை அளந்து, ஒரு தாளிலே குறித்து, அந்தத் தாளை இருவரும் சேர்ந்து படித்தனர். அவர்களுக்குச் சர்க்கரை கூடுதலாகக் குறைந்தது. இவர்களும் இன்சுலின் போடாத இரண்டாம் வகையினரே. கருவி அதே கருவி, வேறுபாடு கல்வி!

மேலும், எல்லாருக்கும் தர வேண்டியதில்லை என்று முடிவு செய்த இங்கிலாந்துகூட யாருக்கு மறுக்கவில்லை என்று பாருங்கள். இன்சுலின் போடுவோர், சர்க்கரை தாழ்ந்து துன்புற்றோர், சர்க்கரையைத் தாழச் செய்யும் மாத்திரையை உண்டுகொண்டு வண்டியோ பொறியோ இயக்குவோர், கருவுற்றோர் ஆகியோருக்குக் கருவி உண்டு என்கிறது அந்நாட்டு மருத்துவ வழிகாட்டி. என் அத்தை அந்தப் பட்டியலில் இருக்கிறார். அவர் விழுங்கிய கிளிமிபிரைடு சர்க்கரையைத் தாழச் செய்யும் மாத்திரைதான். அடையாறு பணிமனையிலிருந்து பேருந்தை எடுக்கும் ஓட்டுநரும், ஆட்டோ ஓட்டும் தோழரும் அத்தகைய மாத்திரையை உண்பவராயின், அவர்களும் அந்தப் பட்டியலில் இருக்கிறார்கள். உலக நலவாழ்வு நிறுவனமோ, இன்றியமையாச் சோதனைகளின் பட்டியலிலே நோயாளி தாமே பயன்படுத்தும் குளுக்கோசு கருவியை 2023-இல் சேர்த்தது. இன்றியமையாதது என்று உலகம் ஒப்புக்கொண்ட பின்னும், ஆடம்பரம் என்று நாம் கூறிக்கொண்டிருக்கலாமா?

“ஏழை எளியவர்க்கு எண்ணெல்லாம் புரியுமா?” என்பது இன்னொரு கேள்வி. கேட்பவர்கள் ஒருநாள் என் அத்தையிடம் வந்து பூ வாங்கிப் பார்க்கட்டும். கோயம்பேட்டில் கிலோ என்ன விலை, வாடினால் எவ்வளவு நட்டம், முழம் என்ன சொன்னால் எத்தனை தேறும் என்று, பேசிக்கொண்டே மனக்கணக்குப் போடுவார். கந்துக்காரனுக்கு நூற்றுக்கு எவ்வளவு போகிறது என்பதை அறிந்தவருக்கு, எழுபதுக்குக் கீழே போனால் சர்க்கரை கரைத்துக் குடி என்பதா புரியாது? உண்பதற்கு முன் 80 முதல் 130. உண்டு இரண்டு மணி நேரம் கழித்து 180-க்குள். பெரும்பாலோர்க்கு இவ்வளவே இலக்கு. முதியோர்க்குச் சற்று மாறும், மருத்துவர் கூறுவார். இதைச் சொல்லிக் கொடுக்க எனக்கு ஆன நேரம், ஒரு மாலை கட்டும் நேரம்.

சோதனையை மறுத்தால் அறியாமை மட்டும் மிஞ்சவில்லை. அந்த வெற்றிடத்திலே வேறொரு கூட்டம் புகுந்துவிடுகிறது! “ஏழே நாளில் சர்க்கரைக்கு விடுதலை” என்னும் சுவரொட்டி, பொடி விற்கும் புனிதர், வேர் விற்கும் வேடதாரி! நீரிழிவைக் குணமாக்குவேன் என்று விளம்பரம் செய்வதே குற்றம் என்று 1954-ஆம் ஆண்டிலேயே மருந்துகள், மாய மருந்துகள் சட்டம் கூறிவிட்டது. சட்டம் ஏட்டிலே; சுவரொட்டி சுவரிலே! அவர்களை வெல்ல வாதம் வேண்டாம். பொடியை உண்ணும் முன் ஒருமுறையும், உண்டு சில நாள் கழித்து ஒருமுறையும் அளந்து பார்க்கச் சொன்னால் போதும். கையில் அளவுகோல் உள்ளவனிடம் ஏமாற்றுக்காரன் நெருங்கமாட்டான். மருத்துவர் தந்த மாத்திரையை மட்டும் நிறுத்திவிடாமல் இந்தச் சோதனையைச் செய்யட்டும்.

வள்ளுவர் ‘மருந்து’ என்று ஓர் அதிகாரம் செய்தார். அதிலே ஒரு மருந்தின் பெயரும் இல்லை. உண்ணும் அளவைப் பற்றியே மிகுதியும் பேசினார். அளவு அறிவதே மருந்தின் தொடக்கம் என்று கண்டவர் தமிழர். அளக்கும் உரிமையை அவர் வழிவந்தோருக்கு மறுப்பது எந்த அறம்?

ஆகவே நாம் கேட்பது பெரிதன்று, தெளிவானது.

இன்சுலின் போடுவோர், சர்க்கரையைத் தாழச் செய்யும் மாத்திரை உண்போர், கருவுற்ற காலத்து நீரிழிவு உடையோர் ஆகிய வறியவர்க்கு, மாத்திரையோடு கருவியும் ஸ்டிரிப்பும் வீடு தேடி வரட்டும். மற்றையோர்க்கு மூன்று திங்களுக்கு மூன்று நாள், நாளுக்கு ஏழு வேளை. ஆக இருபத்தொரு ஸ்டிரிப் போதும். அந்த மூன்று நாளுக்கு ஆரம்ப நலவாழ்வு நிலையம் கருவியைக் கடனாகத் தரட்டும்; நூலகம் நூல் தருவதில்லையா? குறித்த தாளைச் செவிலியர் உடன் அமர்ந்து படிக்கட்டும்.

பணத்துக்கு எங்கே போவது என்பரேல், வழி புதியதன்று. 1994-இல் தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் கண்டோம். மாநிலம் முழுமைக்கும் மருந்தை மொத்தமாக வாங்கினால் விலை எப்படிச் சரியும் என்று இந்தியாவுக்கே காட்டினோம். மாத்திரைக்குச் செய்ததை ஸ்டிரிப்புக்கும் செய்வோம். ஒப்பந்தப்புள்ளி கோரும்போது, எல்லாக் கருவிக்கும் ஒரே ஸ்டிரிப் பொருந்த வேண்டும் என்று நிபந்தனை விதிக்கும் வலிமையும் இத்தனை பெரிய வாங்குவோனுக்கு உண்டு. ஸ்டிரிப்புக்குச் செலவிடத் தயங்கும் கருவூலம், பின்னாளில் சிறுநீரகம் கெட்டவர்க்கு டயாலிசிசுக்கும், காலை இழந்தவர்க்கு அறுவைக்கும் காப்பீட்டிலே செலவிடுகிறது. விதைக்கு இல்லை என்று கூறி, வேலிக்குக் கொட்டும் கணக்கு இது!

அரசு செய்யும்வரை நாம் கைகட்டி நிற்பதோ? இல்லை, தோழர்களே! நம் இயக்கத்தின் படிப்பகங்களை நினைத்துப் பாருங்கள். எழுத்தறியாத உழைப்பாளி மாலையில் வந்து அமர்வான். எழுத்தறிந்த இளைஞன் ஏட்டை உரக்கப் படிப்பான். கேட்டுக் கேட்டே அரசியல் அறிந்தது ஒரு தலைமுறை. அதே படிப்பகத்தில், வாரத்தில் ஒருநாள் காலை, ஒரு மேசை போடுங்கள். ஒரு கருவியும் ஒரு பெட்டி ஸ்டிரிப்பும் நன்கொடையால் வாங்குங்கள். அவரவர் விரலை அவரவரே குத்திக்கொள்ளட்டும். ஒருவருக்குப் பயன்பட்ட ஊசி மற்றொருவரைத் தொடவே கூடாது. மஞ்சள் காமாலைக் கிருமி அதன் வழியே பரவும். பயன்பட்ட ஊசியைக் கெட்டியான டப்பாவில் சேர்த்து நலவாழ்வு நிலையத்தில் ஒப்படையுங்கள். எண்ணை அவர் கையேட்டிலே எழுதிக் கொடுங்கள். மருந்தை மாற்றச் சொல்வது நம் வேலையன்று. அது மருத்துவர் வேலை. எண்ணைப் படிக்கச் சொல்லிக் கொடுப்பது நம் வேலை. ஏட்டைப் படித்துக் காட்டிய கைகள், இனி எண்ணையும் படித்துக் காட்டட்டும்!

என் அத்தை இன்றும் நோன்பு இருக்கிறார். நான் தடுத்துப் பார்த்தேன், கேட்கவில்லை. ஆனால் மருத்துவரிடம் தாமே சென்று, “நோன்பன்னிக்கு மாத்திரையை என்ன பண்ணணும், சொல்லுங்க” என்று கேட்டு வந்தார். அந்நாளில் மதியம் ஒருமுறை கூடையை ஓரம் வைத்து, விரலைக் குத்தி, எண்ணைப் பார்க்கிறார். சென்ற பிரதோஷத்தன்று 68 காட்டியதாம். உடனே ஒரு தேநீர் வாங்கி, சர்க்கரை தூக்கலாகப் போடச் சொல்லிக் குடித்துவிட்டார். “விரதம் போச்சே அத்தே?” என்றேன். “நான் போயிருந்தா விரதம் யாருடா இருக்கறது?” என்றார்.

மருந்தீசுவரர் வாயிலில் நின்று, ஓர் எண்ணைப் பார்த்து, தம் பகுத்தறிவால் ஒரு முடிவு எடுத்தார் ஒரு பூக்காரி. ஊருக்கு ஊர், வீட்டுக்கு வீடு, அந்த முடிவை எடுக்கும் உரிமை எல்லாருக்கும் வேண்டும். குருதி அவர்களுடையது, கணக்கும் அவர்களுடையதே!